கல்யாணத்துக்குப் பிறகு எதற்கு ஊர்வலம்

அந்தக் கேள்வியை இப்போது ஆளாளுக்குக் கேட்கிறார்கள். முதலில் கேட்டவள் நான்தான். இரண்டாயிரத்து எட்டு ஜூன் மாதம், ஃப்ரீமாண்ட்டில் எங்கள் அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில், கார்க் கண்ணாடிகளை நன்றாக ஏற்றிவிட்டுக் கத்தினேன்.

"கல்யாணந்தான் ஆயிருச்சே, இனி எதுக்குடி ரோட்டுல ஊர்வலம்?"

ஈரோட்டிலிருந்து அம்மா வந்திருந்தார். அதனால் எங்கள் சண்டை சச்சரவெல்லாம் அப்போது காருக்குள்தான்.

அந்த மாதம்தான் கலிபோர்னியாவில் பெண்ணும் பெண்ணும், ஆணும் ஆணும் சட்டப்படி மணம் செய்துகொள்ளலாம் என்று ஆகியிருந்தது. ஆன வாரமே நாங்கள் இரண்டு பேரும் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு, ஓக்லண்டில் இருக்கும் கவுண்ட்டி அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டோம். சாட்சிக்கு என்னோடு வேலை பார்க்கும் ஒரு சீனப் பெண். மாலை கிடையாது, மஞ்சள் கிடையாது. சாயங்காலம் லேப்டாப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஆபீசிலிருந்து வருகிற முகத்தோடு வீட்டுக்குத் திரும்பினோம். அம்மா கதவைத் திறந்து, "இன்னைக்கு நேரமே வந்துட்டீங்களா கண்ணு" என்றார். அவ்வளவுதான் எங்கள் கல்யாணம்.

நான் கட்டிக்கொண்டவள் சென்னைப் பெண். அப்போதே நாங்கள் சேர்ந்து குடித்தனம் செய்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அம்மாவுக்கு மட்டும் அவள் என் ரூம்மேட். அம்மா வந்த அன்றைக்கே, இருந்த ஒரே படுக்கையறையை எனக்கும் அம்மாவுக்கும் ஒழித்துக் கொடுத்துவிட்டு, அவள் ஹாலில் சோபாவுக்குக் குடி பெயர்ந்தாள். கல்யாணம் ஆன அன்றைக்கும் சோபாதான். நான் உள்ளே அம்மாவின் குறட்டையைக் கேட்டபடி படுத்திருந்தேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம், எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை.

அம்மாவுக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போனது. பெற்ற மகள் நான் எரிந்து விழுகிறேன், அந்தப் புள்ளதான் அனுசரணையாக இருக்குது என்று அப்பாவிடம் போனில் சொல்வார். தலைக்கு எண்ணெய் வைத்துவிடுவதும் அவளுக்குத்தான். "உன்ற அம்மாகிட்டச் சொல்லு கண்ணு, நானே நல்ல எடமாப் பாக்கறேன்" என்று அவளிடம் சொல்வார். அவள் சிரித்துக்கொண்டே தலையைக் குனிந்துகொள்வாள். நான் பாத்திரம் கழுவப் போய்விடுவேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். சொல்கிறேன். என் பெரியம்மா மகள் ஒருத்தி ஜாதி விட்டுக் கல்யாணம் செய்துகொண்டாள். பையன் நல்லவன், படித்தவன், சொந்த வீடு. அம்மா அவளைத் தூக்கி வளர்த்தவர். அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு அம்மா வாயில் அவள் பெயர் வந்து நான் கேட்டதில்லை. அவளுக்குக் குழந்தை பிறந்தபோது போன் வந்தது. அம்மா கேட்டுவிட்டு, வைத்துவிட்டு, வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிட்டார். தலை முழுகியாச்சு என்றால் முழுகியாச்சு. வேறு ஜாதிப் பையனுக்கே இந்த நிலைமை என்றால் எனக்கு என்ன நடக்கும் என்று நான் உட்கார்ந்து யோசிக்க வேண்டியதே இல்லை. அம்மா எனக்கு இல்லாமல் போய்விடுவார்.

இந்தப் பயத்துக்கு நடுவில்தான் ஊர்வலம் வந்து விழுந்தது. வருடா வருடம் ஜூன் கடைசி ஞாயிற்றுக்கிழமை சான் பிரான்சிஸ்கோவில் மார்க்கெட் ஸ்ட்ரீட் முழுக்க எங்களைப் போன்றவர்கள் பெருமையோடு நடக்கும் பிரைட் ஊர்வலம். நம் பக்கத்து நாட்டுக்காரர்கள், இந்தியர்கள் எல்லாம் ஒரு குழுவாகப் போவார்கள். அவள் அதில் நடக்க வேண்டும் என்றாள், அதுவும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு.

எனக்கு அந்த ஊர்வலத்தின் மேல் எப்போதும் பெரிய மரியாதை இருந்ததில்லை. கம்பெனி பேர் போட்ட டி-ஷர்ட், கம்பெனி பேர் போட்ட பலூன். வாரம் முழுக்க மேனேஜருக்குப் பயந்து சாகிறவன் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஐடி கார்டோடு வந்து புரட்சி செய்கிறான் என்று கிண்டலடிப்பேன். சட்டம் இல்லாத காலத்தில் கத்தினார்கள், நியாயம். சட்டம் வந்துவிட்டது. வீட்டுக்குப் போய்க் குடும்பம் நடத்த வேண்டியதுதானே?

"எந்த வீட்டுக்கு?" என்றாள் அவள். "உங்க அம்மா என்னைய ரூம்மேட்னு கூப்பிடற வீட்டுக்கா?"

"அம்மா இன்னும் மூணு மாசத்துல போயிருவாங்க. பொறுத்துக்க முடியாதா?"

"உங்க அம்மா போனா எங்க அம்மா வருவாங்க. அப்புறம் உங்க அண்ணன் ஃபேமிலி. நாம எப்போ பொண்டாட்டியா இருக்கறது? லீப் இயர் லீப் இயரா?"

"சர்டிபிகேட் இருக்குல்ல?"

"அது டிராயர்ல இருக்கு. நம்ம கல்யாணம் ஆனது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அந்தக் கிளார்க்குக்குத் தெரியும். ஒரு நாள், ஒரே ஒரு நாள், நான் ரோட்ல நின்னு சொல்லணும். தெரிஞ்சவங்ககிட்டதான் சொல்ல விட மாட்டேங்கற. தெரியாதவங்ககிட்டயாவது சொல்லிக்கறேன்."

"என்னமோ பண்ணித் தொலை" என்றேன். அவள் நடப்பது, நான் ஓரமாக நின்று பையைப் பிடித்துக்கொள்வது என்று முடிவானது. அம்மாவிடம், சிட்டியில் ஆபீஸ் பெண் ஒருத்திக்குக் கல்யாணம், போய்விட்டுச் சாயங்காலம் வந்துவிடுவோம் என்று சொல்லிவைத்தோம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவே அவளுக்குப் புடவை கட்டிவிட்டார். அவளுக்கு ஜீன்ஸ்தான் பழக்கம், புடவை என்றால் நடுவழியில் அவிழும். அவளிடம் இருந்த ஒரே பட்டை அம்மா புரட்டிப் பார்த்து, "இது கண்ணாலத்துக்கு ஆவாது" என்று தள்ளிவிட்டு, தன் பெட்டியிலிருந்து அரக்குப் பட்டை எடுத்தார். தரையில் மண்டியிட்டுக் கொசுவத்தை ஒவ்வொன்றாக நீவி, பின் குத்தி, எழுந்து நின்று பார்த்து, "லட்சணமா இருக்குது சாமி. அடுத்த கண்ணாலம் உன்றதுதான்" என்று திருஷ்டி கழித்தார். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. காரை எடுக்கிறேன் என்று கீழே இறங்கிவிட்டேன்.

பார்ட் ரயில் ஸ்டேஷனில் காரைப் போட்டபோதுதான் பின் சீட்டில் இருந்த அட்டையைப் பார்த்தேன். டிவி வந்த பெட்டியை வெட்டி, வெள்ளைத் தாள் ஒட்டி, கொட்டை எழுத்தில் தமிழில் எழுதியிருந்தாள்: எங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு.

"தமிழ்ல எழுதுனா மார்க்கெட் ஸ்ட்ரீட்ல எவன் படிப்பான்?"

"யாரும் படிக்க வேணாம். எனக்குத் தமிழ்லதான் சொல்லணும்."

லூசு என்று திட்டினேன். உள்ளுக்குள் எனக்கு நிம்மதிதான். ஒருத்தருக்கும் புரியாது, தொல்லை விட்டது.

ஊர்வலம் கிளம்பும் இடத்தில் ஒவ்வொரு குழுவும் பக்கத்துச் சந்துகளில் வரிசை கட்டி நிற்கும். முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். நம் குழுவில் ஒரு பஞ்சாபிப் பையன் பெரிய டோலக்கைத் தோளில் மாட்டி அடித்துக்கொண்டிருந்தான். ஒரு குஜராத்தி அம்மா, மகனோடு நடக்க வந்தவர், எல்லோருக்கும் டப்பாவிலிருந்து தேப்லா என்கிற மசாலா ரொட்டி கொடுத்தார். என் தோளில் அவள் கைப்பை, அதற்குள் அவள் செல்போன், அவள் செருப்புக்கு மாற்றாக ஒரு ஷூ. அவள் அந்தக் குளிரிலும் ஸ்வெட்டர் போடாமல், அட்டையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துப் பழகிக்கொண்டிருந்தாள். அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்து நாளாகியிருந்தது. அதை ஒப்புக்கொள்ள மனம் வராமல் தேப்லா தின்றேன்.

குழு நகர ஆரம்பித்து, தடுப்புக்கு அந்தப் பக்கம் அவள் கொஞ்ச தூரம் போனபிறகு என் போன் அடித்தது. எங்கள் மாடி வீட்டு அக்கா.

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பே ஏரியாவில் ஊரிலிருந்து யாருடைய அப்பா அம்மா வந்தாலும் அவர்களை சான் பிரான்சிஸ்கோ காட்ட நம் ஆட்கள் ஞாயிற்றுக்கிழமைதான் அழைத்துப்போவார்கள். அன்றைக்குத்தான் தெரு மீட்டரில் காசு போடாமல் கார் நிறுத்தலாம். பாலம், வளைந்து வளைந்து இறங்குகிற தெரு, கடைசியில் பவல் ஸ்ட்ரீட் முனையில் கேபிள் காரைக் கையால் தள்ளித் திருப்புகிற இடம். இந்த வரிசை மாறவே மாறாது. அந்த முனை மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் இருக்கிறது. எனக்கு இது தெரியும். அம்மாவை நானே அப்படித்தான் கூட்டிப்போவதாக இருந்தேன். மாடி வீட்டு அண்ணனுக்கும் அக்காவுக்கும் அன்றைக்கு ஊர்வலம் என்பது மட்டும் தெரியாது.

"எங்க இருக்கோம் சொல்லு?" என்றார் அக்கா. "உங்க அம்மா தனியா உக்காந்திருந்தாங்களா, பாவமா இருந்துச்சு. சும்மா சிட்டிய சுத்திக் காட்டலாம்னு கூட்டிட்டு வந்துட்டோம். இப்ப பவல்ல கேபிள் கார் கிட்ட நிக்கறோம். ஏதோ பரேடாம், ரோடெல்லாம் பிளாக் பண்ணிட்டானுங்க. நீங்களும் சிட்டிலதானே, கல்யாணம் முடிஞ்சா வாங்களேன், சேர்ந்து சாப்பிடலாம்."

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். டோலக் சத்தம். இன்னும் கத்தினேன், இரண்டு கைகளையும் ஆட்டினேன். அவள் திரும்பிப் பார்த்தாள். நான் கடைசியில் மனம் மாறி உற்சாகப்படுத்துகிறேன் என்று நினைத்துக்கொண்டாள் போல. முகமெல்லாம் பல்லாக, அட்டையை இன்னும் உயரத் தூக்கி ஆட்டிவிட்டு நடந்தாள். போனில் கூப்பிடலாம் என்றால் போன் என் தோளில் தொங்குகிறது.

ஓடினேன். நடைபாதையில் ஆள் மேல் ஆள், ஓட முடியவில்லை. பக்கத்துத் தெருவான மிஷன் ஸ்ட்ரீட்டுக்கு வெட்டி, அதில் ஓடினேன். அம்மாவை அங்கிருந்து கிளப்பிவிட வேண்டும், அவ்வளவுதான். பசிக்கிறது என்று சொல்லலாம், வயிற்று வலி என்று சொல்லலாம், மயங்கி விழலாம். எதிரில் வந்தவர்கள் சிரித்தபடி "ஹாப்பி பிரைட்" என்றார்கள். ஒருவன் என் கழுத்தில் மணிமாலை ஒன்றைப் போட்டான். கழற்ற நேரமில்லாமல் ஓடினேன். ஊர்வலம் நடக்கும்போது மார்க்கெட் ஸ்ட்ரீட்டைக் குறுக்கே கடக்க முடியாது. பவல் ஸ்டேஷனில் இந்தப் பக்கம் இறங்கி, சுரங்கத்துக்குள்ளேயே போய், அந்தப் பக்கம் எஸ்கலேட்டரில் ஏறினேன். எஸ்கலேட்டரில் எனக்கு முன்னால் நின்ற கூட்டம் பாடிக்கொண்டு நகராமல் நின்றது. அவர்களை நான் திட்டிய தமிழ் வசவுகளை இங்கே எழுத முடியாது.

மேலே வந்ததும் மாடி வீட்டு அண்ணன் கையை ஆட்டினார். அம்மா எங்கே என்று தேடினால், கூட்டத்துக்கு முன்னால், தடுப்பை ஒட்டி, ஒரு மடக்கு நாற்காலியில் சௌகரியமாக உட்கார்ந்திருந்தார். புடவைக்கு மேல் ஸ்வெட்டர், காலில் என் பழைய ஷூ. நாற்காலி கொடுத்தது பக்கத்தில் நின்ற ஆள். தாடி, மஞ்சள் கவுன், இரண்டு அம்மா உயரம்.

"அதுக்குள்ள கண்ணாலம் முடிஞ்சுதா?" என்றார் அம்மா. "எங்கடி அந்தப் புள்ள? இந்தத் தம்பி பாரு, வயசானவ நிக்கறேன்னு உக்கார எடங் குடுத்துது. பாவாடை கட்டியிருந்தாலும் மரியாதை தெரிஞ்ச புள்ள."

"முடிஞ்சுதும்மா. எந்திரி, போலாம். எனக்கு ஒரே பசி."

"எதுக்கு இப்படி மூச்சு வாங்குது உனக்கு?"

அக்கா என் காதருகே வந்தார். "நல்லவேளை வந்த. இது என்ன கருமம்னே தெரியாம வந்து மாட்டிக்கிட்டோம். ஆன்ட்டிய வச்சுக்கிட்டு எனக்கு ஒரே சங்கடமா இருக்கு. இவர் என்னன்னா பார்க்கிங் கிடைச்சிடுச்சு, விட மாட்டேங்கறார்."

அண்ணன் அம்மாவுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். "இது இங்க கார்னிவல் மாதிரி ஆன்ட்டி. மாறுவேஷப் போட்டி நடக்கும்ல, அப்படி."

"வாம்மா" என்று அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தேன். அம்மா கையை உதறினார். "இருடி. அக்கட்ட நம்மூர் மேளமாட்டச் சத்தம் கேக்குது. பாத்துட்டுப் போலாம்."

டோலக் நெருங்கி வந்தது. குழுவின் முன்வரிசையில் அரக்குப் பட்டு. கூட்டம் அந்தப் பட்டைப் பார்த்தே கைதட்டியது.

அம்மா நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்தார். "அட, நம்ம புள்ளயாட்டவே இருக்குது. ஏய், அது என்ற சீலையல்லோ? நாங் குத்துன பின்னு!" பக்கத்தில் நின்ற தாடிக்காரரிடம், "எங்கூட்டுப் புள்ளைங்க" என்று பெருமையாகக் கைகாட்டினார். அவருக்கு என்ன புரிந்ததோ, இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தார்.

அம்மாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. தமிழ் எழுத்து எங்கே கண்ணில் பட்டாலும் வாய்விட்டுப் படிப்பார். ஊரில் பஸ்ஸில் போனால் வழியில் உள்ள கடைப் பலகை அத்தனையும் படிப்பார். ஃப்ரீமாண்ட்டில் படிக்க ஒன்றும் இல்லாமல் அரிசி மூட்டையையும் ஊறுகாய் பாட்டிலையும் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தார். இங்கிலீஷ் தெரியாது. அந்தத் தெருவில் எத்தனை ஆயிரம் பேர் இருந்தார்களோ, அந்த அட்டையை நிறுத்தி நிதானமாகப் படிக்கக்கூடியவர் அவர்தான்.

"எங்களுக்குக்... கல்யாணம்... ஆயிடுச்சு" என்று படித்தார்.

படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஆருக்கும் ஆருக்கும்?"

அக்கா முகம் மாறியது. அவர்களும் தமிழ் படிக்கிறவர்கள்தானே. அண்ணன் அவசரமாகக் குறுக்கே வந்தார். "சும்மா ஆன்ட்டி, வாலண்டியர் வொர்க்கா இருக்கும். கைல அட்டையக் குடுத்துப் பிடிக்கச் சொல்லுவாங்க. ஆபீஸ்லல்லாம் அப்படித்தான்." நல்ல மனிதர். நான் தப்பிக்கக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். நான் ஆமாம் என்று தலையாட்டினால் போதும், சாயங்காலம் எல்லோரும் சேர்ந்து பரோட்டா சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம்.

அப்போதுதான் அவள் எங்களைப் பார்த்தாள். முதலில் என்னை. சிரித்தாள். அடுத்து அம்மாவை. சிரிப்பு அப்படியே நின்றது. நடை நின்றது. பின்னால் வந்தவர்கள் அவளை இடித்துக்கொண்டு தாண்டினார்கள். அவள் உடனே அட்டையைக் கீழே இறக்கி, எழுத்துப் பக்கம் தெரியாமல் திருப்பி, மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். ரோட்டில் நின்று ஒரு நாள் சொல்ல வேண்டும் என்று கேட்டவள். எனக்காக மறைத்தாள். பட்டுப்புடவையில், அத்தனை பேர் கைதட்டிக்கொண்டிருக்கும்போது, திருடி மாட்டிக்கொண்டவள் போல நின்றாள்.

எனக்குத் தாங்கவில்லை. அவ்வளவுதான் காரணம். தைரியம், கொள்கை என்று ஒரு மண்ணும் இல்லை. அவள் அப்படி நின்றதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"எனக்கும் அவளுக்கும்மா" என்றேன்.

அம்மா என் முகத்தையே பார்த்தார். புரியவில்லையோ என்று இன்னொரு தடவை சொல்ல வாயெடுத்தேன். வேண்டாம் என்பது போலக் கையைக் காட்டினார். எழுந்தார். நாற்காலியை மடக்கத் தெரியாமல் அதோடு கொஞ்ச நேரம் போராடினார். தாடிக்காரர் வாங்கிக்கொண்டார். "தேங்க்ஸ்ங்க தம்பி" என்று அவரிடம் சொல்லிவிட்டு, அண்ணன் பக்கம் திரும்பி, "கார் எங்கீங்க நிக்குது?" என்றார்.

அவர்கள் வேனில் அம்மாவும் நானும் பின் சீட்டில். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அக்கா முன்னாலிருந்து ட்ராஃபிக்கைப் பற்றிப் பேசினார், குளிரைப் பற்றிப் பேசினார், பாலத்துக்குக் கட்டும் டோலைப் பற்றிப் பேசினார். அப்புறம் ரேடியோவைப் போட்டுவிட்டார். வீட்டுக்குப் போய்ச் சேரும்போது அவள் குழுவில் யாரிடமோ காசு வாங்கி எங்களுக்கு முன்பே ரயிலில் வந்து, கைப்பையும் சாவியும் என்னிடம் இருந்ததால், வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். அம்மா அவளைத் தாண்டி உள்ளே போனார்.

அதற்குப் பிறகான நாட்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அம்மா சமைத்தார். இரண்டு பேருக்கும் தட்டில் போட்டார். எண்ணெய் தேய்ப்பு நின்றது, பேச்சு நின்றது. அப்பாவிடம் போனில், இங்கே குளிர் ஒத்துக்கொள்ளவில்லை, டிக்கெட்டை முன்னால் மாற்றச் சொல் என்றார். ஜூலையில் குளிர். அப்பா ஒன்றும் கேட்காமல் மாற்றினார். மாடி வீட்டு அக்கா ஊருக்குச் செய்தி அனுப்புவார் என்று பயந்து கிடந்தேன், அனுப்பவில்லை. ஆனால் எங்களோடு சேர்ந்து படியில் இறங்குவதை விட்டுவிட்டார். அவள் ஒருநாள் காருக்குள் வைத்து, "நான் நடந்திருக்கவே கூடாது" என்று அழுதாள். "நடந்தது நடந்துருச்சு, விடு" என்றேன். பெரியம்மா மகளுக்கு நடந்தது எனக்கும் நடந்துவிட்டது என்றுதான் நான் நம்பினேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டே அம்மா என்னைத் தலை முழுகிவிட்டார்.

நவம்பரில் ஓட்டுப் போட்டு, எங்களைக் கல்யாணம் செய்ய விட்ட அந்தச் சட்டத்தை மாற்றினார்கள். அடுத்த வருடம் கோர்ட், ஏற்கெனவே ஆன கல்யாணங்கள் மட்டும் செல்லும் என்றது. ஆக, இந்த மாநிலத்துக்குள் நாங்கள் மனைவியும் மனைவியும். மத்திய அரசு இதை ஏற்காததால் விசா வரிசையில் இன்றைக்கும் ஆளுக்கொரு தனி மனுஷி. அதைப் பற்றி எழுத எனக்குப் பொறுமை இல்லை. ஊர்வலம் வேண்டுமா வேண்டாமா என்று வாதாடவும் எனக்குத் தெம்பில்லை. அந்தக் கம்பெனி பலூன்களைக் கண்டால் எனக்கு இப்போதும் எரிச்சல்தான். நான் சொல்ல வந்தது, அம்மா ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம் நடந்ததை.

அவள் ஹாலில் அம்மாவின் சூட்கேஸை எடை மெஷினில் தூக்கி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் படுக்கையறையில் அம்மாவோடு உட்கார்ந்து புடவைகளை மடித்துக் கொடுத்தேன். அம்மா வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தவர், நிமிராமலே கேட்டார்.

"எப்ப ஆச்சு?"

எதை என்று நான் கேட்கவில்லை. "நீ வந்தப்பறம்தாம்மா. போன மாசம். ஒரு செவ்வாக்கிழமை."

"செவ்வாக்கிழமையா?" அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "ஏண்டி, ஆராச்சும் செவ்வாக்கிழமை கண்ணாலம் பண்ணுவாங்களா? ரெண்டு பேரும் இத்தன படிச்சு என்ன பிரயோசனம்? ஒரு காலண்டரப் பாக்கத் தெரியாது?"

ஹாலில் எடை மெஷின் சத்தம் நின்றுபோயிருந்தது. அம்மா கையில் இருந்த புடவையைப் பிரித்துத் திரும்ப மடித்தார்.

"நேரமே வந்தீங்களே, அன்னைக்கா?"

"ஆமாம்மா."

"அன்னைக்கு நான் என்ன ஆக்குனேன்?"

எனக்கு அது நன்றாக நினைவில் இருந்தது. "அரிசீம்பருப்புச் சோறு. அப்பளம் பொரிச்ச."

"ரெண்டு பேரும் கம்முனு தின்னுட்டு எந்திரிச்சுப் போனீங்க." அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவர் அழுது நான் பார்க்கவில்லை, இப்போது புடவையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். "ரோட்டுல போறவிய அத்தன பேருக்கும் அட்டையில எழுதிக் காட்டத் தெரிஞ்சுது. அடுப்புக்கிட்ட நின்னவகிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, ஒரு சேமியாப் பாயசமாச்சும் வெச்சிருக்க மாட்டனாடி?"